விவசாயக் குடும்பத்திலிருந்து பட்டாளம் போய்த் திரும்புகிறவருக்கு முதல் இரண்டு வருடம்: பென்ஷன், பட்டா, தரிசு நிலம்

வரப்போரம்

இந்த இழையை ஒரு மாதிரி நிலைமையை வைத்து ஓட்டலாம் என்று நினைக்கிறேன். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது.

ராணுவத்தில் ஹவில்தார், 20 வருட சர்வீஸ், வயது 39. அடிப்படை பென்ஷன் மாதம் 24,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் தமிழ்நாட்டில் ஒரு மானாவாரி கிராமம். 4 ஏக்கர் செம்மண், ஒரு திறந்த கிணறு, பழைய மின் இணைப்பு. அப்பா காலமாகிவிட்டார். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அம்மா, இரண்டு அக்கா. 2 ஏக்கரை உறவுக்காரர் ஒருவர் வாய்ப்பேச்சில் உழுகிறார், மீதி 2 ஏக்கர் சீமைக் கருவேலம். இது எந்த ஊருக்கும் பொருந்தும் நிலைமைதான்.

இவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதில் பணம் போடக் கூடாது, எங்கே சிக்கும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலைக்கு ஆகிற விஷயம் மட்டும்.

ரெக்கார்ட்_ஆபீஸ்

நிலத்தைத் தொடுவதற்கு முன்னால் காகிதம். அதுவும் யூனிட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால். யூனிட்டில் இருக்கும்போது ஹெட் கிளார்க் மேஜையில் முடிகிற திருத்தம், வீட்டுக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் வாங்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள்: தன் பெயரும் பிறந்த தேதியும், மனைவி பெயரும் பிறந்த தேதியும், பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும். இவை பிபிஓவிலும் (பென்ஷன் வழங்கும் ஆணை) ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், எழுத்துக்கு எழுத்து. நம்ம ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், ராணுவ ஆவணத்தில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். மனைவி பெயர் ஆதாரில் தமிழ்ச்செல்வி, கல்யாணத்தைப் பதிய யூனிட் போட்ட பார்ட் டூ ஆர்டரில் வெறும் செல்வி. கணவர் உயிரோடு இருக்கும் வரை இது யார் கண்ணிலும் படாது. அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் நின்று போகும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் அந்தம்மா ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். அதைத் தடுக்க இன்றைக்கு ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால்: நோட்டரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ உறுதிமொழிப் பத்திரம், ஆதார் நகல், பிபிஓ நகல், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் குடும்ப விவரப் பக்கம். இவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக உங்கள் படைப்பிரிவின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இஎம்இ (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ் பிரிவு) என்றால் செகந்திராபாத். அங்கே இருந்து திருத்த பிபிஓ வரும். வந்ததும் ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் உள்ளே போய்த் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காகிதம் கையில் வந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே நல அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். வேலைவாய்ப்பு, பிள்ளைகளின் படிப்புதவி, கடன் திட்டம் எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் வாசல்.

கூட்டிக்கழி

பணத்துக்கு வருகிறேன். கையில் மொத்தமாக வருவது: பணிக்கொடை, விடுப்பு ஊதியம் அதிகபட்சம் 300 நாள், வருங்கால வைப்பு நிதி, குழுக் காப்பீட்டு முதிர்வுத் தொகை, அப்புறம் கம்யூட்டேஷன், அதாவது பென்ஷனின் ஒரு பகுதியை விற்று முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது.

பணிக்கொடை என்பது ஒவ்வொரு அரையாண்டுக்கும் கால் மாத ஊதியம். 20 வருடம் என்றால் 40 அரையாண்டு, அதாவது 10 மாத ஊதியம், அகவிலைப்படி சேர்த்து.

முடிவெடுக்க வேண்டிய இடம் கம்யூட்டேஷன்தான். பென்ஷனில் 50 சதவீதம் வரை விற்கலாம். அடுத்த பிறந்த நாளில் 40 வயது என்றால் பெருக்க வேண்டிய காரணி 9.090. 24,000ல் பாதி 12,000. கணக்கு: 12,000 × 12 × 9.090 = 13,08,960 ரூபாய். இதற்கு வருமான வரி இல்லை. பதிலுக்கு மாதம் 12,000 வீதம் 15 வருடம் பிடிப்பார்கள், மொத்தம் 21,60,000. அதன் பிறகு முழு பென்ஷன் திரும்பிவிடும். அகவிலைப்படி மட்டும் எப்போதும் முழு 24,000க்கும் கணக்காகும், விற்ற பாதிக்கும் சேர்த்து.

வட்டியாகப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 7.3 சதவீதம்.

மானாவாரி

அப்படியென்றால் விற்கவே கூடாதுங்க. கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனை நாள் தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. 7.3க்கு வாங்கிய காசை உரத்துக்கும் கூலிக்கும் போடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

கூட்டிக்கழி

பயிர்ச் செலவுக்காக விற்கக் கூடாது, அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் கடனோடு ஒப்பிடும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். பென்ஷன்தாரர் இடையில் இறந்துவிட்டால் மீதித் தவணையை யாரும் கேட்பதில்லை. குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. சாதாரண விகிதம் 30 சதவீதம். உயர் விகிதம் 50 சதவீதம், இறந்த நாளிலிருந்து 7 வருடம் வரை அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, எது முந்தியதோ அதுவரை. கம்யூட் பண்ணியதால் அதில் ஒரு ரூபாயும் குறையாது. இந்தப் பாதுகாப்பு எந்த வங்கிக் கடனிலும் கிடையாது.

அதனால் என் கருத்து: வீடு கட்ட, பிள்ளை படிப்புக்கு, ஏற்கெனவே 12 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் கடனை அடைக்க விற்கலாம். ஆழ்துளைக் கிணறு போட, டிராக்டர் வாங்க விற்கக் கூடாது. 4 ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் கட்டுப்படியே ஆகாது. வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரம் உழவன் செயலியில் பதிந்தால் வரும்.

இன்னொன்று. பென்ஷன் விண்ணப்பத்தோடு சேர்த்தோ ஓய்வுபெற்ற ஒரு வருடத்துக்குள்ளோ கேட்டால் மருத்துவப் பரிசோதனை இல்லை. தள்ளிப்போட்டால் மெடிக்கல் போர்டு. ஆக, வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஒரு வருடத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும்.

சர்வே_கல்

நிலத்துக்கு வருவோம். பட்டா தாத்தா பெயரில், அப்பா இறந்துவிட்டார். இந்த நிலையில் நேரே போய் «என் பேருக்கு மாத்துங்க» என்று விஏஓவிடம் நிற்பதுதான் எல்லோரும் செய்வது. அது நடக்காது. வரிசை இருக்கிறது.

முதலில் நான்கு ஆவணம்: சிட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (சர்வே வரைபடம்), குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று. முதல் மூன்றும் வருவாய்த்துறையின் இணைய சேவையிலேயே கிடைக்கும், வில்லங்கம் பதிவுத்துறைத் தளத்தில். நான்கிலும் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஊரில் 4 ஏக்கர் என்று சொல்வது சிட்டாவில் 1.62 ஹெக்டேர் என்று இருக்க வேண்டும். 1.48 என்று இருந்தால் மீதி எங்கே போனது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஓடைப் புறம்போக்கைச் சேர்த்து உழுதிருக்கலாம், பக்கத்துக்காரரின் வரப்பு நகர்ந்திருக்கலாம்.

அடுத்து தாத்தா, அப்பா இருவருக்கும் இறப்புச் சான்று, இருவருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் கொடுப்பார். தாத்தாவுக்கு அப்பாவைத் தவிர வேறு பிள்ளைகள் இருந்தால், அத்தை ஒருவர் இருந்தாலும், அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு அடி நகராது. இதை எழுதுவது ராணுவத்தில் இருந்தவர்களுக்காகவே. இருபது வருடம் ஊரில் இல்லாததால் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வாய்ப்பேச்சு நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. முதலில் உட்கார்ந்து கேளுங்கள், அப்புறம் பத்திரம்.

அக்காமார்களுக்குப் பங்கு உண்டா என்று இன்னமும் கேட்கிறார்கள். உண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே திருத்தம் வந்தது. மத்தியச் சட்டம் 2005ல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. அப்பா 2005க்கு முன்னால் இறந்திருந்தாலும் அந்த உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொல்லிவிட்டது. 20-12-2004க்கு முன்னால் பதிவான, அல்லது கோர்ட் தீர்ப்பால் நடந்த பாகப்பிரிவினை மட்டும் தப்பும். சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு என்பதெல்லாம் சட்டத்தில் நிற்காது. அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அக்கா பிள்ளைகள் காலத்தில் அது வழக்காக முளைக்கும். என்னைக் கேட்டால், கேட்டு விட்டுக்கொடுக்க வைப்பதைவிடப் பங்கைக் கொடுத்துவிட்டு அவர்கள் நிலத்தையும் குத்தகைக்குச் சேர்த்து உழுவது உறவுக்கும் நல்லது, நிலத்துக்கும் நல்லது.

செலவு: குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையிலிருந்து இதுதான். பாகப்பிரிவினையில் இந்த உச்சவரம்பு பங்குக்குப் பங்கு.

பத்திரத்தில் எழுத மறப்பவைதான் பின்னாடி சண்டையாகும். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மோட்டார் யாருடையது, மின் இணைப்பு எண் என்ன, தண்ணீர் இறைக்கும் முறை எந்தெந்த நாள், மோட்டார் பழுதானால் செலவு எப்படிப் பிரியும். வாய்க்கால் யார் நிலம் வழியாக வருகிறது. வண்டிப்பாதை எத்தனை அடி. அறுவடை இயந்திரம் போக வேண்டுமென்றால் 12 அடியாவது விடுங்கள், 6 அடி என்று எழுதிவிட்டு வருடா வருடம் கெஞ்ச வேண்டாம். வரப்பில் நிற்கும் பனையும் வேம்பும் யாருக்கு. இவ்வளவும் எழுதி, பங்கு பிரித்த வரைபடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு இணைக்க வேண்டும்.

பதிவானதும் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலக்காரர்கள் எல்லோரும் இருக்கட்டும். அளந்து கல் நட்ட பிறகு கல்லோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். உட்பிரிவு ஆனதும் புதிய புலப்படத்தைப் பதிவிறக்கி, பத்திரத்தின் நான்கெல்லையோடு ஒப்பிடுங்கள். கிழக்கு மேற்காகவும் மேற்கு கிழக்காகவும் ஏறிய பத்திரங்கள் நிறைய உண்டு. அப்போதே பிழைதிருத்தல் பத்திரம் போட்டால் எல்லோரும் கையெழுத்துக்கு வருவார்கள், பத்து வருடம் கழித்து வர மாட்டார்கள்.

வரப்போரம்

உறவுக்காரர் வாய்ப்பேச்சில் உழும் அந்த 2 ஏக்கர்? எழுத்து எதுவும் இல்லை. வருடத்துக்கு இரண்டு மூட்டை கொடுப்பார்.

சர்வே_கல்

விஏஓவின் சாகுபடிப் பதிவேடான அடங்கலை எடுத்துப் பாருங்கள். சாகுபடி செய்பவர் பெயர் யாருடையது என்பது அதில் இருக்கும். அவர் பெயர் 1969ம் வருட குத்தகை உரிமைப் பதிவேடு சட்டப்படியான பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதையும் தாலுகாவில் விசாரியுங்கள். ஏறியிருந்தால் அவர் குத்தகைதாரர், 1955ம் வருடப் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும், திடீரென்று வெளியேற்ற முடியாது. அதே சட்டத்தில் படைவீரர் சொந்தச் சாகுபடிக்கு நிலத்தைத் திரும்பப் பெறத் தனி ஏற்பாடும் உண்டு. அதனால் டிஸ்சார்ஜ் ஆனதும் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

எதிலும் ஏறவில்லை என்றாலும் பயிர் நிற்கும்போது கேட்காதீர்கள். அறுவடை முடிந்த பிறகு, அடுத்த உழவுக்கு முன்னால். அவர் அந்த வருடம் குப்பை உரம் அடித்திருந்தால் அதன் விலையைக் கொடுத்துவிடுங்கள். சாட்சியோடு ஒரு ஒப்படைப்புக் கடிதம் வாங்குங்கள். நீங்கள் இல்லாத இருபது வருடமும் அந்த 2 ஏக்கர் கருவேலம் ஆகாமல் இருந்ததற்கு அவர்தான் காரணம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ரெக்கார்ட்_ஆபீஸ்

இடையில் ஒன்று, எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம். பிஎம் கிசான், விவசாயிக்கு மத்திய அரசு வருடத்துக்குக் கொடுக்கும் 6,000 ரூபாய். மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் பென்ஷன் வாங்குகிறவருக்குக் கிடையாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். ஆகவே மனைவி பெயரில் நிலத்தை மாற்றி வாங்கினாலும் தகுதி இல்லை, வாங்கியதைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். அம்மா பெயரில் பங்கு இருந்து அவர் தனிக் குடும்பமாக இருந்தால் அது வேறு, அவர் தகுதியை அவர் பெயரில் பார்க்க வேண்டும்.

சொட்டுநீர் மானியத்துக்கு இந்தத் தடை இல்லை. அது நில அளவை வைத்து. 5 ஏக்கர் வரை சிறு விவசாயி, 100 சதவீத மானியம், மற்றவர்க்கு 75. சிறு குறு விவசாயி சான்று தாசில்தாரிடம் வாங்க வேண்டும். அதற்குப் பட்டா தன் பெயரில் இருக்க வேண்டும். திரும்பவும் பட்டாதான்.

மானாவாரி

சரி, பட்டா வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவேலங்காட்டில் இறங்கலாம். அம்மா, அக்கா எல்லோரும் சம்மதம் என்றால் மட்டும்.

சீமைக் கருவேலத்தை வெட்டுகிறேன் என்று சிலர் இலவசமாக வருவார்கள், விறகுக்காக. வெட்டி எடுத்துக்கொண்டு அடிமரத்தை விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு மழையில் ஒரு அடிமரத்திலிருந்து பத்துக் கிளை வெடிக்கும், முன்னைவிட அடர்த்தியாக. பேசும்போதே வேரோடு பிடுங்கித் தருவதாகப் பேசுங்கள், விறகு விலையில் ஜேசிபி வாடகையைக் கழித்துக்கொள்ளலாம். மண்ணில் ஈரம் இருக்கும்போது பிடுங்கினால் வேர் முழுசாக வரும். காய்ந்த மண்ணில் மரம் பாதியில் ஒடிந்து வேர் உள்ளேயே நிற்கும். ஜேசிபிக்காரரிடம் ஒன்று கறாராகச் சொல்ல வேண்டும்: மேல்மண்ணை வழித்து ஒரு மூலையில் குவிக்கக் கூடாது. சமப்படுத்துகிறேன் என்று செம்மண்ணின் மேல் அரை அடியை வழித்துவிட்டால் அடியில் சுக்கான் பாறை தெரியும், அதில் ஐந்து வருடத்துக்கு ஒன்றும் வராது.

அதன் பிறகு மண் பரிசோதனை. இங்கிலீஷ் வி எழுத்து மாதிரி 15 செ.மீ. ஆழம் குழி வெட்டி, இரண்டு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் செதுக்கி எடுக்க வேண்டும். ஒரு வயலில் 10 முதல் 12 இடம். வரப்போரம், மரத்தடி, குப்பை கொட்டிய இடம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிவிட வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் அரைக் கிலோ மிஞ்சும். அதுதான் மாதிரி. உழுத 2 ஏக்கரையும் கருவேலம் நின்ற 2 ஏக்கரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், இரண்டும் இரண்டு வயல். கிணற்றுத் தண்ணீரும் ஒரு லிட்டர் கொடுங்கள், மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு பிடித்தது. தண்ணீரில் உப்பு அதிகம் என்று தெரிந்தால் மிளகாய், காய்கறி எண்ணத்தையெல்லாம் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வருடம் பணப்பயிரே வேண்டாம். ஆடி மழையில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதையுங்கள், ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ. தண்ணீர் தேங்கும் பக்கம் என்றால் தக்கைப்பூண்டு 20 கிலோ. பூ எடுக்கும் சமயம், 45 நாளில், மடக்கி உழ வேண்டும். நன்றாக வளருகிறதே என்று 60 நாள் விட்டால் தண்டு நாராகிவிடும், மக்காது, கலப்பையில் சுற்றும். மடக்கும்போது மண்ணில் ஈரம் இல்லாவிட்டாலும் மக்காது.

புரட்டாசியில் உளுந்து. வம்பன் 8 மாதிரி மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகம், ஏக்கருக்கு 8 கிலோ. விதைக்கு முந்தின நாள் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா (நோயைத் தடுக்கும் நல்ல பூசணம்), மறுநாள் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து புரட்டி நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். ரசாயனப் பூசணக்கொல்லியையும் ரைசோபியத்தையும் சேர்த்துப் போட்டால் பாக்டீரியா செத்துப்போகும், போட்டது வீண். இடைவெளி வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10. பூக்கும்போது டிஏபி 2 சதவீதம்: 4 கிலோ டிஏபியை முந்தின இரவு 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தெளிந்ததை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி ஒரு ஏக்கருக்கு மாலையில் அடிக்க வேண்டும். கலக்கி அப்படியே ஊற்றினால் நாசில் அடைக்கும், வெயிலில் அடித்தால் இலை கருகும். 15 நாள் கழித்து இன்னொரு முறை.

மஞ்சள் தேமல் செடி கண்ணில் பட்டதும் பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ பரப்புகிறது, ஒரு வாரம் யோசித்தால் திட்டுத்திட்டாகப் போகும். 70 நாளில் பயிர் கைக்கு வரும். பெரிய லாபம் இருக்காது. ஆனால் எந்த மூலையில் மண் சரியில்லை, எங்கே தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஆள் கிடைப்பார்கள் என்பதெல்லாம் குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

தீவனக்கட்டு

பென்ஷன் வந்த கையோடு பத்து மாடு வாங்குகிறவர்களுக்கு: முதலில் தீவனம், பிறகு மாடு. ஒரு கறவைக்கு ஒரு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம். தண்ணீர் இருந்தால் ஒரு மாட்டுக்கு 10 சென்ட் கோ 5 கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்கு ஒதுக்குங்கள். இருபரு கரணை, 60 × 50 செ.மீ. இடைவெளி, ஏக்கருக்கு சுமார் 13,000 கரணை. முதல் வெட்டு 75 முதல் 80 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒரு வெட்டு. முதல் வெட்டு தயாராகும் வாரத்தில் இரண்டு மாடு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த இரண்டு, அப்போதுதான் கன்று ஈனுவது வெவ்வேறு காலத்தில் வரும், பால் வரத்து அறவே நிற்காது. புல் மட்டும் போதாது. வேலிமசால், அகத்தி மாதிரி பயறுவகைத் தீவனம் கால் பங்கு வேண்டும், இல்லாவிட்டால் அடர்தீவனச் செலவு பால் காசைத் தின்றுவிடும்.

கோடையில் கிணறு வற்றும் ஊர் என்றால் மாட்டைவிட வெள்ளாடு. இதில் பிடிவாதம் வேண்டாம்.

கூட்டிக்கழி

வரி விஷயம் சுருக்கமாக. பென்ஷன் சம்பள வருமானம், வரிக்கு உட்பட்டது. உளுந்து விற்ற காசு விவசாய வருமானம், வரி இல்லை. ஆனால் 5,000 ரூபாய்க்கு மேல் போனால், பென்ஷனும் வரி வரம்பைத் தாண்டினால், விகிதம் கணக்கிடும்போது அதையும் சேர்ப்பார்கள். பால், முட்டை, கறிக்கோழி இவை விவசாய வருமானமே அல்ல, தனியாகக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி நோட்டு போட்டு ரசீது வையுங்கள்.

பதப்படுத்தல், எண்ணெய்ச் செக்கு மாதிரி தொழில் ஆரம்பிக்க நினைத்தால் முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தைப் பாருங்கள். முன்னாள் படைவீரருக்கு 1 கோடி வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். விண்ணப்பம் நல அலுவலகம் வழியாக.

வரப்போரம்

காவலர் வேலைக்கும் போய்க்கொண்டு நிலத்தையும் பார்க்கலாமா? அரசு வங்கிகளில் எழுத்தர் பணிக்கு 14.5 சதவீதம், கடைநிலைப் பணிக்கு 24.5 சதவீதம் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு இருக்கிறதே. தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவும் இருக்கிறது.

மானாவாரி

வேலை கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் வேலை பார்க்கும் இடத்துக்கும் வயலுக்கும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரம் இருந்தால்தான் உளுந்தும் காய்கறியும். வெளியூர் என்றால் தென்னை, மா, முந்திரி மாதிரி மரப்பயிருக்குப் போங்கள், அல்லது எழுதிக்கொடுத்துக் குத்தகைக்கு விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விவசாயத்தில் செவ்வாய்க்கிழமை வந்த பூச்சி வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்துவிடும்.

ஆள் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் ஆர்டர் போட்டால் வேலை நடக்கும். களையெடுக்க வருகிற அம்மாவுக்கு ஆர்டர் போட்டால் மறுநாள் வர மாட்டார். கூலியை அன்றன்றைக்கே கொடுங்கள், தண்ணீரும் டீயும் நேரத்துக்கு வரட்டும், பேர் சொல்லிக் கூப்பிடாமல் அக்கா, சித்தி என்று முறை வைத்துப் பேசுங்கள். ஊரே ஆள் தட்டுப்பாடு என்று புலம்பும்போது உங்களுக்கு நாலு பேர் நிற்பார்கள்.

ரெக்கார்ட்_ஆபீஸ்

மருத்துவம் பற்றி யாரும் எழுதவில்லை. இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டைக்கு ஓய்வு பெறும்போதே விண்ணப்பியுங்கள். பெற்றோரைச் சேர்க்க அவர்களுடைய வருமானம் மாதம் 9,000க்குள் இருக்க வேண்டும்.

வயலில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது: பாம்பு கடித்தால் இசிஎச்எஸ் பட்டியல் மருத்துவமனையைத் தேடி நகரத்துக்கு ஓடாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அவசரத்துக்குப் பட்டியலில் இல்லாத தனியார் மருத்துவமனையில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்து இசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செலவுத் தொகை கோருவது சிக்கலாகும். பாலிகிளினிக் எண்ணை மனைவி, பிள்ளைகள் போனிலும் பதிந்து வையுங்கள். கடிபட்டவர் போன் பண்ணும் நிலையில் இருக்க மாட்டார்.

முதுகுத் தண்டு, முட்டி, காது. ராணுவத்தில் இவை கெட்டவர்கள் 50 கிலோ மூட்டையைத் தூக்க வேண்டாம். காது ஏற்கெனவே குறைந்திருந்தால் டிராக்டர் ஓட்டும்போது காதுக் கவசம் போடுங்கள், மிச்சம் இருப்பதாவது நிற்கும். தூக்கம் வராமை, காரணமில்லாத கோபம், குடி கூடுவது இவையும் நோய்தான். பாலிகிளினிக்கிலிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், தமிழிலேயே பேசலாம், இரவும் எடுப்பார்கள். வீட்டில் இருப்பவர்களும் கூப்பிடலாம்.

வரப்போரம்

கடைசியாக ஒன்று. பென்ஷன்தாரர் உயிரோடு இருப்பதற்கு வருடா வருடம் கொடுக்கும் ஆயுள் சான்றுக்குப் போனால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை எடுக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்களாமே?

ரெக்கார்ட்_ஆபீஸ்

மண்வெட்டி பிடிக்கிற கை, ரேகை தேய்ந்திருக்கும். ஆயுள் சான்றுக்கு ஜீவன் பிரமாண் முகப் பதிவு செயலி இருக்கிறது, கூடவே ஆதார் முக சரிபார்ப்புச் செயலியையும் போனில் ஏற்ற வேண்டும். வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள். முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் ஏற்காது.

அதைவிட முக்கியம் அதில் நிரப்பும் இரண்டு கட்டம். பென்ஷன் அனுமதித்த அலுவலகம் என்ற இடத்தில் டிஃபன்ஸ், பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத். பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் ஸ்பர்ஷ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் வருகிறதே என்று சேவை மையத்தில் வங்கிப் பெயரைப் போட்டுவிடுவார்கள். சான்று உருவாகும், எண் வரும், எல்லாம் சரி மாதிரி இருக்கும். ஸ்பர்ஷுக்கு மட்டும் போய்ச் சேராது, பென்ஷன் நிற்கும்போதுதான் தெரியும். எடுத்த இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்பர்ஷில் உள்ளே போய் அடுத்த அடையாளச் சரிபார்ப்புத் தேதி ஒரு வருடம் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். தள்ளவில்லை என்றால் சரியான கட்டத்தோடு மறுபடி எடுத்துவிடுங்கள்.